கோப்பை வென்ற கிளப் எங்கே போனது?

பூதலூர்ப் பக்கத்துத் திடல்களில் சாயங்காலம் பந்து உதைக்கும் பையன்களின் ஜெர்சியைக் கவனித்துப் பாருங்கள். அர்செனல் சிவப்பு என்றால் நெஞ்சில் எமிரேட்ஸ். மான்செஸ்டர் சிட்டி நீலம் என்றால் எத்திஹாட். பாரிஸ் அணி என்றால் கத்தார் ஏர்வேஸ். தஞ்சாவூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்குக் கால்பந்து வந்து சொல்லித்தர வேண்டிய பெயர்கள் இல்லை இவை. சித்தப்பாவைத் துபாய்க்கும், மாமாவை அபுதாபிக்கும், பக்கத்து வீட்டு அண்ணனைத் தோகாவுக்கும் ஏற்றிக்கொண்டு போன விமானங்களின் பெயர்கள். குறுவை பொய்த்த வருஷங்களில் இங்கே பல வீடுகளில் உலை கொதித்தது வளைகுடாவிலிருந்து வந்த பணத்தில்தான். அதே வளைகுடாப் பணம்தான் அந்த கிளப்புகளின் நெஞ்சிலும் எழுதியிருக்கிறது.

ஆகவே "நம்ம டீமை ஒரு ஷேக்கு வாங்கினா எப்படிடா இருக்கும்?" என்று மேட்ச் முடிந்து உட்கார்ந்து பேசும்போது பையன்கள் கேட்பதை வெட்டிப்பேச்சு என்று நான் தள்ளமாட்டேன். அவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் கேட்கிறார்கள். 2008இல் அபுதாபி பணம் வந்தபோது மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்து லீக் பட்டத்தைப் பார்த்து 40 வருஷம் ஆகியிருந்தது. 2012இல் பட்டம் வந்தது, பிறகு அடுக்கடுக்காக வந்தது. 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதி நியூகாசிலின் 80 சதவீதத்தை வாங்கியது. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2–1 என்று வென்று அந்த அணி லீக் கோப்பையை எடுத்தது. உள்நாட்டில் அவர்கள் அதற்கு முன் பெரிய கோப்பை ஒன்றைத் தூக்கியது 1955இல். எழுபது வருஷம் காத்திருந்த ஊருக்குப் பணம் வந்ததும் கோப்பையும் வந்தது என்றால், சென்னையின் எஃப்.சி.யை நினைத்து ஒரு பூதலூர்ப் பையன் கனவு காண்பதில் என்ன தப்பு?

தப்பு இல்லை. ஆனால் அவனிடம் யாரும் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு கிளப்பின் பணம் தமிழ்நாட்டுக் கால்பந்துக்குள் ஏற்கெனவே ஒருமுறை வந்தது. சும்மா வதந்தியாக வரவில்லை. பங்குகளை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தது. வந்த இடம் கோயம்புத்தூர். தஞ்சாவூரில் ஜனசதாப்தி ஏறினால் ஒரே ரயிலில் போய் இறங்கலாம். அந்த கிளப் இன்று களத்தில் இல்லை.

சென்னை சிட்டி எஃப்.சி. பேரில் சென்னை இருந்தாலும் பெரும்பாலும் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். உரிமையாளர் ரோஹித் ரமேஷ். 2016–17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் இரண்டு சீசன்களும் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் கிடந்தது. சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வந்த பிறகு, 2018–19இல் எல்லாம் மாறியது. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்தார்கள்: பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ். இங்கே யாருக்கும் தெரியாத பெயர்கள். அவர்களோடு நம் பிள்ளைகள் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ். முதல் மேட்சிலேயே இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிராக மான்ஸி ஹாட்ரிக் அடித்தார். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்.

கடைசி நாளான 2019 மார்ச் 9ஐ நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சென்னை சிட்டியை ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளியில் துரத்திக்கொண்டிருந்தது. கோவையில் மினர்வா பஞ்சாபுடன் மேட்ச். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை பின்தங்கித்தான் நின்றார்கள். பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, கோல் அடிப்பது தொழிலாக இல்லாத தடுப்பாட்டக்காரர், ஒன்று அடித்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43 புள்ளிக்கு 42. ஐ-லீக் பட்டம் முதல்முறையாகத் தமிழ்நாட்டு கிளப் ஒன்றின் கைக்கு வந்தது.

அந்தப் பட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாசல் உள்ளே வந்திருந்தது.

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் சின்னப் பெயர் இல்லை. 1893இல் தொடங்கிய கிளப். 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் சாம்பியன். முகமது சலா எகிப்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து முதலில் நின்றது பாசலில். அங்கிருந்துதான் 2014இல் செல்சீக்குப் போனார். ராகிடிச், ஷகிரி, ஷாகா எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள். இளம் ஆட்டக்காரர்களைக் கண்டெடுத்து, வளர்த்து, நல்ல விலைக்கு விற்பது அவர்கள் கைவந்த தொழில். அப்படிப்பட்ட கிளப் 2019 தொடக்கத்தில் சென்னை சிட்டியின் 26 சதவீதத்தை வாங்கியது.

இந்த 26 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்த்து விழும் வாக்குகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும். கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்திருப்பவர் நினைத்தால் பெரிய முடிவு எதையும் தடுத்து நிறுத்தலாம். ஆனால் அவரால் தனியாக எதையும் நடத்த முடியாது. பொறுப்பு முழுசாகத் தலையில் விழாமல், கை மட்டும் உள்ளே இருக்கும் அளவு அது. வெளியிலிருந்து வரும் எந்த முதலீட்டாளரும் முதலில் விரும்பும் அளவும் அதுதான்.

கோவையில் அப்போது பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று கால்பந்து பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகாடமி வரும், பாசல் பயிற்சியாளர்கள் வருவார்கள், நம் பையன் ஒருத்தன் ஒருநாள் செயின்ட் யாகோப் பார்க் ஸ்டேடியத்தில் இறங்குவான். சுவிட்சர்லாந்தில் ஈழத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் குழந்தைகள் அங்கே கால்பந்து பார்த்துத்தான் வளர்கிறார்கள். அந்த நாட்டு கிளப் ஒன்று தமிழ்நாட்டு கிளப்பில் பங்கு வாங்குகிறது என்பது வெறும் வியாபாரச் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

இதே நேரத்தில் பாசலின் ரசிகர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இங்கே எழுதப்படவே இல்லை. அவர்களில் பலருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. எட்டு வருஷம் கையில் இருந்த பட்டத்தை 2018இல் யங் பாய்ஸிடம் பறிகொடுத்திருந்தார்கள். அணி பலவீனமாகிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் இந்தியாவில் பணம் போடுவது எதற்கு என்று கேட்டார்கள். கிளப்பை வைத்திருந்த பெர்ன்ஹார்ட் பர்கெனர் ஊடக, விளையாட்டு உரிமை வியாபாரத்தில் வளர்ந்தவர். இந்தியாவை அவர் சந்தையாகப் பார்த்தார். முட்டென்சர்குர்வே என்று பெயர் பெற்ற பாசலின் தீவிர ரசிகர் பகுதி, கிளப்பை ஊரின் சொத்தாகப் பார்த்தது. இங்கே கோவையில் 'வந்தாச்சு' என்று மகிழ்ந்த அதே காசை, அங்கே 'போகுதே' என்று பார்த்தார்கள்.

2021இல் பர்கெனர் தன் பங்கை லண்டனின் சென்ட்ரிகஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் பாசல் ஊர் கொதித்தது. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மே மாதம் கிளப் டேவிட் டேகன் கைக்குப் போனது. அவர் பாசலுக்கே ஆடியவர். பாசல் கிளப்பை நடத்தும் கம்பெனியில் 75 சதவீதம் முதலாளியிடம் இருந்தாலும், மீதி 25 சதவீதம் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்கிறது. ரசிகன் சந்தா கட்டி உறுப்பினராகலாம். அவன் சங்கத்துக்கு மேசையில் ஒரு நாற்காலி உண்டு. முதலாளி யாருக்கு விற்கிறான் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

கோவையில் பாசலுக்கு 26 சதவீதம். கோவை ரசிகனுக்கு? ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேகமாகத்தான் நடந்தது. கோப்பை வென்ற அணிக்கு மேலே ஏற ஏணி இல்லை. 2019–20 முதல் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது, ஐ-லீக் சாம்பியன் அதற்குள் ஏறும் வழியோ அப்போது திறக்கவில்லை. கோர்டிலோ ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனது பெரிய வழக்காகி அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. வன்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். ரொமாரியோ எஃப்.சி. கோவாவுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃப்பாவிடம் தோல்வி. பிறகு கொரோனா. 2020–21 ஐ-லீக் முழுவதையும் கொல்கத்தாப் பக்கமே, ரசிகர்கள் இல்லாமல் ஆடி முடித்தார்கள். 2021–22 ஐ-லீக்கில் 13 அணிகள் ஆடின. அந்தப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. இந்தியத் திட்டம் பர்கெனரின் திட்டம்; அவரே போன பிறகு அதைத் தூக்கிப்பிடிக்க பாசலில் ஆள் இல்லை.

பட்டம் வென்ற நாளிலிருந்து மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

இதில் யாரோ ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்த நான் வரவில்லை. உள்ளூர் முதலாளி இல்லாமல் அந்த கிளப் ஐ-லீக்குக்கே வந்திருக்காது. பாசலும் ஏமாற்ற வந்ததாக நான் நினைக்கவில்லை. என் வருத்தம் வேறு. கோப்பை வென்ற ஒரு கிளப் காணாமல் போனபோது, 'எங்கள் கிளப்பை என்ன செய்தீர்கள்' என்று கேட்கும் தகுதியோடு ஒருத்தர்கூட ஊரில் இல்லை. டிக்கெட் வாங்கியவன் இருந்தான், பாட்டுப் பாடியவன் இருந்தான், ஜெர்சி வாங்கியவன் இருந்தான். உறுப்பினர் என்று யாரும் இல்லை.

கொல்கத்தாவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 'இன்வெஸ்டர்' என்ற சொல் அங்கே ஈஸ்ட் பெங்கால் ரசிகன் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூடப் புழங்கும் சொல். 1920இல் தொடங்கிய அந்த கிளப்புக்கு 2018இல் குவெஸ் கார்ப் வந்தது, 2020இல் போனது. அடுத்து ஸ்ரீ சிமெண்ட் வந்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கிளப் நம் கையை விட்டே போய்விடும் என்று நிர்வாகிகள் பிடிவாதமாக நின்றார்கள். 2021 ஜூலையில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிளப் வாசலில் திரண்டார்கள். கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் இந்த வருஷம் ஆட முடியாது என்று ஒரு கட்சி. போடாதே, நூறு வருஷச் சொத்து என்று இன்னொரு கட்சி. போலீஸ் தடியடி நடந்தது. கடைசியில் முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ஸ்ரீ சிமெண்ட்டும் கிளம்பியது.

2022 மே மாதம், மான்செஸ்டர் யுனைடெட்டோடு பேச்சு நடக்கிறது, வருகிறவர்கள் முதலீட்டாளராக வராமல் உரிமையாளராகவே வருவார்கள் என்ற பொருளில் சௌரவ் கங்குலி சொன்னார். கொல்கத்தாவில் ஒரு பாதி தூங்கியிருக்காது. டீக்கடையில், டிராமில், கல்லூரி வாசலில் எல்லாம் அந்தப் பேச்சுதான். அதற்கு முன் வங்கதேசத்தின் பசுந்தரா குழுமத்தின் பெயர் அடிபட்டது. கடைசியில் வந்தது மான்செஸ்டரும் இல்லை, டாக்காவும் இல்லை. கொல்கத்தாவிலேயே இருக்கும் எமாமி. இவ்வளவு இழுபறிக்குப் பிறகும் ஈஸ்ட் பெங்கால் இருக்கிறது. முதலீட்டாளர் மூன்று பேர் மாறியும் கிளப் மாறவில்லை. பெயர், சிவப்பு–மஞ்சள், ஊர், மைதானம் எல்லாம் அப்படியே. காரணம் எளிமையானது: அந்த கிளப்புக்கு உறுப்பினர்கள் உண்டு. மோகன் பகானிலும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் ஒட்டிய 'ஏ.டி.கே.' என்ற மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023இல் அது எடுக்கப்பட்டது.

உறுப்பினர் இல்லாத கிளப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத்தைப் பாருங்கள். 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்த அணி. சம்பளப் பாக்கி, கைமாற்றம் என்று தேய்ந்து, 2025இல் ஊரையே மாற்றிக்கொண்டு ஸ்போர்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. ஹைதராபாத் ரசிகனை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் டெல்லி டைனமோஸ் 2019இல் ஒடிசாவுக்குப் போனபோது டெல்லி ரசிகனையும் யாரும் கேட்கவில்லை. நம் சென்னையின் எஃப்.சி.யே பிறந்தது இப்படி ஒரு விலகலில்தான்: 2014இல் பெங்களூருக்கு அணி எடுத்திருந்த சன் குழுமம் பின்வாங்கியது, அபிஷேக் பச்சன் வந்தார், அணி சென்னைக்கு அமைந்தது. பயிற்சியாளராக மட்டராசி வந்தார், ஆட்டக்காரராக மென்டோசா வந்தார், 2015இலும் 2018இலும் கோப்பை வந்தது. நாம் கொண்டாடினோம். அன்றைக்கு பெங்களூர் ரசிகன் இழந்ததை நாம் யோசித்தோமா?

பெரிய வெளிநாட்டுப் பணமே வந்தாலாவது நிற்குமா? மும்பை சிட்டி அதற்குப் பதில். மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் அதே சிட்டி ஃபுட்பால் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டியின் 65 சதவீதத்தை வாங்கியது. சும்மா பெயருக்கு வாங்கவில்லை. இரண்டு லீக் ஷீல்டு, இரண்டு கோப்பை வந்தது. 2022இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஈராக் அணியை வீழ்த்தி, அந்தத் தொடரின் குழுச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்திய கிளப் ஆனது. பிறகு 2025 ஜூலையில், ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கப்படவில்லை என்ற காரணத்தால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. அந்த டிசம்பரில் சிட்டி குழுமம் தன் பங்கை விட்டுவிட்டு வெளியேறியது. உலகத்திலேயே வசதியான கால்பந்துக் குழுமம், ஆறு வருஷம். அவர்களுக்கே இங்கே கணக்குச் சரிவரவில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் பூதலூர்ப் பையன் ஷேக்கைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்று ஒரு நெசவாலை ஊர். 1995இல் லீக் பட்டம் வென்ற கிளப். அதற்குப் பணம் போட்ட ஜாக் வாக்கர் அந்த ஊரிலேயே பிறந்து இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர். 2010 நவம்பரில் அந்த கிளப்பை வாங்கிய 'வெளிநாட்டுப் பணக்காரர்' நம் பூனாவைச் சேர்ந்த கோழி வளர்ப்பு நிறுவனமான வெங்கீஸ். 2012இல் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது; இறங்கிய அந்த மேட்சில் மைதானத்துக்குள் ஒரு கோழியை விட்டார்கள். 2017இல் இன்னும் ஒரு படி கீழே போனது. பிற்காலத்தில் கிளப்புக்கு இங்கிருந்து பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. டெல்லியில் ஒரு வாய்தா தள்ளிப்போனால் லங்காஷையரில் ஒரு ஊர் கவலைப்பட வேண்டிய நிலை. நமக்கு வெளிநாட்டுக்காரன் எப்படியோ, அவர்களுக்கு நாம் அப்படி. கார்டிஃப் சிட்டியின் கதையும் தெரிந்ததே: மலேசியாவின் வின்சென்ட் டான் 2012இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார், ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் சட்டம் போட்டன. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும். ஓரிரு விலக்குகள் தவிர அதுதான் விதி. இங்கிலாந்து 2025இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் கொண்டுவந்து, கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பையே உருவாக்கியது. கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானத்தின் ஜெர்சி நிறத்தையோ முதலாளி தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் ரசிகர்கள்.

நமக்கு இது எட்டாத விஷயமா? டெல்டாக்காரர்களுக்கு நிச்சயம் இல்லை. பூதலூர் வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லுவார். சின்னத் தொகைக்குப் பங்கு, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அந்தச் சங்கங்களில் குறை உண்டு, அரசியல் உண்டு, தேர்தல் நடக்காத வருஷங்கள் உண்டு. ஆனாலும் "நான் சங்கத்து உறுப்பினர், கணக்கைக் காட்டு" என்று ஒரு சிறு விவசாயி நிமிர்ந்து கேட்க முடியும். கால்பந்து ரசிகனுக்கு அந்த ஒரு வாசகத்தைச் சொல்லும் உரிமை நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

பணம் வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் நன்றாகப் பந்து ஆடினால் வங்கியில் வேலை கிடைத்தது. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியது. ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி., கஸ்டம்ஸ் என்று அணிகள் இருந்தன. அப்பா அம்மா பிள்ளையை மைதானத்துக்கு விட்டதே அந்த வேலையை நம்பித்தான். அந்தக் கதவு குறுகிவிட்டது. இன்று வியாசர்பாடியிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ ஒரு பையன் மேலே வர வேண்டுமென்றால் கிளப் வேண்டும், கிளப்புக்குப் பணம் வேண்டும். நம் மாவட்டத்தின் அதிராம்பட்டினத்தில் தொடர் போட்டி நடந்தால் ஊரே திரளும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆடும் பையன்கள் அடுத்து எங்கே போவது? மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி., சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. வெளிநாட்டுப் பங்குதாரர் இல்லாமல் வென்றது, இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிடைத்த கவனம் பாசல் செய்திக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட இல்லை. எனக்கு இது பெரிய குறை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு இடத்துக்கு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்புகளுக்கு உரிமம் கொடுக்கும்போது, முதலாளி பாதியில் கிளம்பினாலும் ஒரு சீசன் சம்பளத்துக்கு ஆகும் தொகை முன்கூட்டியே வைப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கட்டும். பெயர், நிறம், ஊர் ஆகியவற்றை மாற்ற வேண்டுமானால் பதிவு செய்த ரசிகர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதட்டும். அந்தச் சங்கத்துக்குப் பத்து சதவீதமாவது பங்கு இருக்கட்டும்.

தமிழ்நாடு அரசுக்கு இன்னும் நேரடியாகச் சொல்லலாம். சென்னை நேரு ஸ்டேடியம், கோவை நேரு ஸ்டேடியம் இரண்டும் மக்கள் பணத்தில் கட்டியவை. மைதானத்தை வாடகைக்கு விடும் கையில்தான் நிபந்தனையும் இருக்கிறது. அடுத்து எந்த கிளப் வந்து சாவி கேட்டாலும், அதன் முதலாளி மும்பைக்காரராக இருந்தாலும் சுவிஸ்காரராக இருந்தாலும் சவூதிக்காரராக இருந்தாலும், உறுப்பினர் பட்டியல் எங்கே என்று முதலில் கேளுங்கள். அது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.